அறுபதும் ஒரே மாதிரி

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் சார். நான் வழியில் இறங்குகிறவன். கயத்தாறு தாண்டி, டோல்கேட்டும் தாண்டினால் ரோட்டோரம் ஓர் எஞ்சினியரிங் கல்லூரி வரும். இந்த பஸ் அங்கே நிற்காது. இன்றைக்கு நிற்கும். கண்டக்டரிடம் சொல்லி வைத்துவிட்டேன். “என்ன அண்ணாச்சி, பிள்ளைக்கு அட்மிஷனா?” என்று கேட்டார். “இல்லை, என்னைக் கூப்பிட்டிருக்காங்க” என்றேன். சொல்லும்போதே வாயெல்லாம் பல்லாகிவிட்டது. அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்தார்.

காலையில் எட்டேகாலுக்கு ஃபோன். கல்லூரி ஆபீசிலிருந்து. “பாண்டியன் சார், பிரின்சிபால் இன்னிக்கே வரச் சொன்னாரு. லேப் விஷயம்.” அவ்வளவுதான், வைத்துவிட்டார்கள். என்னை வேலையை விட்டு அனுப்பி நாலு மாதம் பதினொரு நாள் கழித்து! இட்லியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். என் மனைவி சண்முகவடிவு, “சாப்பிட்டுட்டுப் போனா என்ன, மெஷின் செத்தா போயிரும்?” என்றாள். செத்திருக்குமோ என்றுதான் எனக்கும் ஆசை. ஆசை என்று சொல்லக் கூடாது. ஆனால் வேறு என்ன சொல்வது?

என் சிக்கலைக் கேளுங்கள். லேப் படுத்துவிட்டது என்றால், என்னை விட்டால் ஆளில்லை, வேலை திரும்பக் கிடைக்கும். ஐம்பத்து நாலு வயதில் வேறு எவன் கொடுப்பான்? ஆனால் லேப் படுத்துவிட்டது என்றால் நான் எழுதிய ஃபைல் தப்பு என்று ஆகும். அது தப்பாக இருக்க முடியாது. அப்படியானால் லேப் படுக்கவில்லை. படுக்கவில்லை என்றால் என்னை எதற்குக் கூப்பிடுகிறார்கள்? புது பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் வரும்போது இதையே திருப்பித் திருப்பி யோசித்தேன். கடைசியில் எது நடந்திருந்தாலும் சந்தோஷப்படுவது என்று முடிவு செய்துகொண்டேன். அதனால்தான் இப்படிச் சிரித்துக்கொண்டு இருக்கிறேன். குடிக்கவில்லை சார். பழக்கமே கிடையாது.

ஃபைல் என்றால் ஆபீஸ் ஃபைல் இல்லை. சொல்கிறேன்.

இருபத்திரண்டு வருடம் அந்தக் கம்ப்யூட்டர் லேப்பைப் பார்த்துக்கொண்டவன் நான். அறுபது மெஷின். அறுபதும் ஒரே நாளில் ஒரே லாரியில் வந்தவை. ஆறு மாதத்தில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குணமாகிவிடும். ஒன்று திறக்கும்போதே நின்றுபோகும். ஒன்று பிரிண்டரைத் தெரியாது என்று சத்தியம் செய்யும். ஒன்றில் எவனோ ஒரு நடிகர் படத்தைப் போட்டு, எடுக்கவே முடியாதபடி செய்திருப்பான். யுனிவர்சிட்டி பிராக்டிகல் வந்தால் எனக்குக் காய்ச்சல் வந்துவிடும். கையில் பென் டிரைவோடு ஒன்றிலிருந்து அறுபதுவரை குனிந்து குனிந்து போவேன். முப்பத்தெட்டாவது மெஷினில் என்ன கோளாறுக்கு என்ன செய்தேன் என்பது நாற்பதுக்குப் போகும்போது மறந்திருக்கும். இருபத்திரண்டு வருடம் நான் செய்தது மறப்பதும் மறந்ததைத் திரும்பச் செய்வதும்தான். வேறு என்ன செய்தேன் என்று யோசித்தால் ஒன்றும் தோன்றவில்லை.

அப்போதுதான், போன கோடை விடுமுறைக்கு முந்திய கோடையில், இது கண்ணில் பட்டது. இப்படி ஓர் இயக்கமுறை இருக்கிறது. கம்ப்யூட்டரைத் தூக்கி நிறுத்துகிற அடிப்படை மென்பொருள் இருக்கிறதல்லவா, அதில் இது ஒரு வகை. மற்றதில் எல்லாம் நாம் மெஷினிடம் ‘இதைச் செய், அதைச் செய், அதை எடு, இதைப் போடு’ என்று ஏவிக்கொண்டே இருக்க வேண்டும். இதில் ஏவல் கிடையாது. ஒரே ஒரு ஃபைலில் ‘நீ இப்படி இருக்க வேண்டும்’ என்று எழுதி வைத்தால் போதும். அது அப்படி ஆகிவிடும். எப்படி ஆகிறது என்பது அதன் பாடு.

புரியவில்லையா? கல்யாண வீட்டில் சமைக்கிற தவசிப்பிள்ளையிடம் பட்டியல் கொடுக்கிறோம். அவியல், சொதி, இஞ்சிப் பச்சடி, பால் பாயசம். எழுதிக் கொடுத்துவிட்டு நாம் மாப்பிள்ளை அழைக்கப் போய்விடுகிறோம். தேங்காயை எப்போது துருவுவது, முதல் பால் எப்போது ஊற்றுவது என்று போய் நின்று சொல்கிறோமா? இலையைப் போட்டால் எழுதியது இருக்கும். அதுதான் இது.

இன்னும் ஒன்று. பட்டியலில் இல்லாதது இலைக்கு வராது. எவனாவது உட்கார்ந்து நடிகர் படத்தைப் போடட்டும், என்னத்தையாவது இறக்கட்டும். மெஷினை அணைத்துப் போட்டால் எல்லாம் போய்விடும். ஃபைலில் எழுதியது மட்டும் நிற்கும். நான் அப்படி வைத்தேன். எழுதாதது இல்லை! எவ்வளவு சுத்தம் பாருங்கள்.

இன்னும் கேளுங்கள். ஃபைலை நான் மாற்றினால் பழையதும் அழியாது. மெஷின் எழும்போது ஒரு பட்டியல் காட்டும். பதிப்பு ஒன்று, இரண்டு, மூன்று என்று. இன்றைக்குச் செய்தது கோணலாகிவிட்டதா? நேற்றையதைத் தொட்டால் நேற்று வந்துவிடும். நம் பிழைப்பில் அப்படி ஒன்று உண்டா? எனக்கு இரண்டாயிரத்து ஒன்பதாம் வருடத்துப் பதிப்பு ஒன்று தேவைப்படுகிறது. அதை விடுங்கள்.

மூன்று மாதம் கற்றுக்கொண்டேன். வீட்டில் ஃபோனை வைத்துக்கொண்டு அது சம்பந்தமாகப் படித்துச் சிரித்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் சண்முகவடிவு எதிரே வந்து உட்கார்ந்தாள். “உண்மையைச் சொல்லுங்க. யாரு அது?” “எது?” “நீங்களா சிரிக்கிறீங்க. குளிக்கப் போனாலும் ஃபோனைக் கொண்டுட்டுப் போறீங்க.” “ஒரு ஃபைல்டி” என்றேன். “பேரே ஃபைலா?” என்றாள்.

தாழையூத்து வந்துவிட்டது பாருங்கள். பேசினால் வழி தெரியாது.

பதினாலு துறைக்கும் தாள் அனுப்பி, உங்களுக்கு லேப்பில் என்னென்ன வேண்டும் என்று கையெழுத்தோடு கேட்டு வாங்கினேன். எல்லாவற்றையும் எழுதினேன். முந்நூற்றுப் பன்னிரண்டு வரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அறுபது மெஷினையும் முழுக்கத் துடைத்துவிட்டு இதைப் போட்டேன். லேப் உதவியாளர் பிலோமினாம்மாவையும் வரச் சொல்லியிருந்தேன். எனக்குக் கீழே பதினோரு வருடமாக இருக்கிறவர். பெருக்குவது, கதவைத் திறப்பது, பிள்ளைகளை உட்கார வைப்பது என்று எல்லாம் அவர்தான். சார், அறுபதும் ஒரே நேரத்தில் எழுந்தன! அறுபது திரையிலும் கல்லூரி முத்திரை. நான் நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றினேன். நிஜமாகவே சுற்றினேன். கோயிலில் சுற்றுவது மாதிரி.

“எப்படி?” என்றேன்.

பிலோமினாம்மா வாசலிலேயே நின்று பார்த்தார். “எல்லாம் ஒரே மாதிரி இருக்கு சார்.”

“அதானே வேணும்!”

“உட்கார்றவங்க ஒரே மாதிரி இல்லையே சார்” என்றார்.

எனக்குக் கொஞ்சம் சப்பென்று ஆகிவிட்டது. என்ன இருந்தாலும் அவர் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. இதன் அழகு அவருக்குப் புரியாது என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் திங்கள். யுனிவர்சிட்டி பிராக்டிகல், பத்து மணிக்கு. ஒன்பதுக்கே பிள்ளைகள் வந்துவிட்டார்கள். நான் பட்டு வேட்டி கட்டாத குறையாக வாசலில் நின்று எல்லோரையும் வாங்க வாங்க என்கிறேன். அப்போது பதினேழாம் நம்பர் மெஷினில் ஒரு பெண். பெயர் மதிவதனி, இரண்டாம் வருடம். பிறவியிலிருந்து கண் பார்வை கிடையாது. கதவை ஒட்டிய மெஷின் என்பதால் அவளே சுவரைத் தொட்டு வந்து உட்கார்ந்துகொள்வாள். காதில் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். பிறகு மெதுவாக, “சார், இது பேச மாட்டேங்குது” என்றாள்.

“எதும்மா பேசணும்?” என்றேன்.

எனக்குத் தெரியாது சார். திரையில் இருப்பதை வாசித்துச் சொல்கிற மென்பொருள் ஒன்று அதில் இருந்திருக்கிறது. ஒன்றரை வருடமாக அந்த மெஷின் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. நான் இருபத்திரண்டு வருடமாகப் பார்த்துக்கொள்கிற லேப்பில்! இயர்ஃபோனில் பேசியதால் எனக்குக் கேட்கவே இல்லை. பிலோமினாம்மாவும் அந்தப் பிள்ளையும் உட்கார்ந்து, எந்தக் குரல், எவ்வளவு வேகம், எந்தப் பட்டனை அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொன்றாகக் கையால் வைத்திருக்கிறார்கள். பதினாலு துறைத் தாளிலும் அது இல்லை. பிலோமினாம்மாவுக்கு நான் தாள் கொடுக்கவில்லை. அவர் ஒரு துறை இல்லையே.

முந்தைய பதிப்புக்குப் போகலாம் என்று ஓடினேன். மெஷின் காட்டியது: பதிப்பு ஒன்று. அதற்குக் கீழே ஒன்றுமில்லை. நான் எழுதத் தொடங்கிய நாளோடு அதன் ஞாபகம் முடிந்துவிட்டது.

மணி ஒன்பது பத்து. தேர்வு போனால் அந்தப் பிள்ளைக்கு ஆறு மாதம் போச்சு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வேறு காபி குடித்துக்கொண்டு பார்க்கிறார். பிலோமினாம்மா ஒரு ஸ்டூலை இழுத்து என் பக்கத்தில் போட்டார். “எழுதுங்க சார்” என்றார். மென்பொருளின் பெயரைச் சொன்னார். குரலின் பெயரைச் சொன்னார். வேகம் இத்தனை, சத்தம் இத்தனை, இந்தப் பட்டனுக்கு இது, அந்தப் பட்டனுக்கு அது. ஒரு குறிப்பு இல்லை, ஒன்றும் இல்லை. எல்லாம் மனப்பாடம். நான் எழுத எழுத ஒன்பது வரி வந்தது. ஒன்பது ஐம்பதுக்கு மெஷினை எழுப்பினோம். அந்தப் பிள்ளை தலையைச் சாய்த்துக் கேட்டாள். சிரித்தாள்.

“மேடம், முந்தி சளி பிடிச்ச மாதிரி பேசும். இப்ப சளி போயிருச்சு.”

நான் அழுதுவிட்டேன் சார். பாத்ரூமில் போய்த்தான். என்ன மனிதன் நான் என்று தோன்றியது. ஆனால் அதே நேரத்தில், சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள், ஃபைல் ஜெயித்துவிட்டது என்றும் தோன்றியது! ஒன்பதே வரி! இனி அந்த மெஷின் எரிந்து போனாலும் வேறு மெஷினில் அந்தக் குரல் வரும். கண்ணைத் துடைத்துக்கொண்டு குதித்துக்கொண்டு வெளியே வந்தேன்.

தேர்வு முடிந்ததும் பிலோமினாம்மாவைக் கூப்பிட்டேன். “இப்படி இன்னும் எத்தனை வெச்சிருந்தீங்க? சொல்லுங்க. எல்லாத்தையும் எழுதிடறேன்.”

“இது போதும் சார். நான் லீவு போட்டாலும் அந்தப் பிள்ளைக்கு இது இருக்கணும்.”

“மத்தது?”

“மத்தது இருக்கட்டும் சார். அதை நான் பாத்துக்கறேன்.”

அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். தினமும் எட்டரைக்கு பிலோமினாம்மா வந்து ஒவ்வொரு மெஷினாகப் போவார். ஒன்பதாம் நம்பரில் எழுத்தைப் பெரிதாக்குவார், சிவில் துறைத் தலைவருக்குப் பார்வை மங்கல். இருபத்து மூன்றில் மவுஸை இடது கைக்கு மாற்றுவார். நாற்பத்து நாலில் வெளிச்சத்தைக் குறைப்பார், அங்கே உட்காருகிற பெண்ணுக்கு ஒற்றைத் தலைவலி. இப்படி இருபது, முப்பது. சாயங்காலம் மெஷினை அணைத்தால் என் ஃபைல் அத்தனையையும் துடைத்துவிடும். மறுநாள் எட்டரைக்கு மறுபடி ஒன்றிலிருந்து. நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! “ஒரு வரிதாம்மா, சொன்னா எழுதிடுவேன், நீங்க நடக்க வேண்டாம்.” “இருக்கட்டும் சார், எனக்கும் சுகர் இருக்கு, நடந்த மாதிரி இருக்கும்” என்பார். பாவம் சார். கடைசிவரை அவருக்கு இந்த விஷயம் பிடிபடவே இல்லை.

கங்கைகொண்டானா இது? அதற்குள்ளா?

என் வாழ்க்கையின் மிக நல்ல நாளைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரித் தாளாளர் லேப்பைப் பார்க்க வந்தார். நான் ஒரு வேடிக்கை செய்து காட்டினேன். “இந்த மெஷினில் எல்லாவற்றையும் அழிக்கிறேன், பாருங்கள்” என்று சொல்லி, அவர் கண் முன்னாலேயே அழித்தேன். பிரின்சிபால் முகம் வெளுத்துவிட்டது. பிறகு ஒரு பட்டன். பன்னிரண்டு நிமிடம். பழையபடி அப்படியே எழுந்து நின்றது! தாளாளர் கை தட்டினார் சார். வைர மோதிரம் போட்ட கை. அந்த லேப்பில் யாரும் எனக்குக் கை தட்டியதே கிடையாது.

“அப்ப, இந்த ஃபைல் இருந்தா யாரு வேணா இதைச் செய்யலாமா?” என்று கேட்டார்.

“யாரு வேணா சார்!” என்றேன். “ஒண்ணாங் கிளாஸ் பிள்ளைகூடச் செய்யலாம்!”

“ரொம்ப சந்தோஷம்” என்றார்.

இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது. என் சேவைக்கு நன்றி, நிர்வாகச் சீரமைப்பு, இத்யாதி. பராமரிப்பைக் கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஒப்பந்தமாகக் கொடுத்துவிட்டார்கள். சண்முகவடிவு கடிதத்தை இரண்டு தரம் படித்தாள். “உலகத்துல எல்லாரும் அடுத்தவன் வேலையைத்தான் கெடுப்பான். நீங்க ஒருத்தர்தான் உங்க வேலைக்கு நீங்களே குழி வெட்டி, அதை அளந்து பார்க்கச் சொல்லிக் கை தட்டலும் வாங்கிட்டு வந்திருக்கீங்க” என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “குழி எவ்வளவு கச்சிதம் பாத்தியா!” என்றேன். கரண்டியைத் தூக்கிவிட்டாள்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். கிளம்புகிற அன்றைக்கு, பாக்கி எதுவும் இல்லை என்று எழுதி வாங்குகிற நோ டியூஸ் தாளை எடுத்துக்கொண்டு அறை அறையாகப் போனேன். நூலகம், சாவி, அடையாள அட்டை, பஸ் பாஸ், ஹாஸ்டல் மெஸ். எல்லாக் கட்டத்திலும் கையெழுத்து. கடவுச்சொல் என்று ஒரு கட்டம் இல்லை. நானும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை சார். தாளில் இல்லை, அவர்கள் கேட்கவில்லை. அந்த ஃபைலை மாற்றுவதற்கு அதிகாரம் உள்ளவர் என்று அதில் ஒரே ஒரு பெயர்தான் எழுதியிருக்கிறது. என் பெயர். வேறு வழிகளை எல்லாம் நானே அடைத்துவிட்டேன், பிள்ளைகள் விளையாடக் கூடாது என்று.

நாலு மாதமாக வாரம் ஒரு தடவை பிலோமினாம்மாவுக்கு ஃபோன் போடுவேன். “ஏதாவது பிரச்சினையா?” “ஒண்ணுமில்ல சார், நல்லா ஓடுது.” அடுத்த வாரம், “ஏதாவது?” “ஒண்ணுமில்ல சார்.” நாலு மாதத்தில் ஒரு புகார் இல்லை! ஒரு துறைத் தலைவர் முகம் சுளிக்கவில்லை! ஒவ்வொரு தடவையும் ஃபோனை வைத்துவிட்டு ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள். பார்த்தாயா, நான் இல்லாமலேயே ஓடுகிறது, அதுதான் ஃபைல்! பிறகு ஒரு மணி நேரம் ஒன்றும் பிடிக்காது. மொட்டை மாடியில் போய் நிற்பேன். பிறகு மறுபடி சந்தோஷம் வந்துவிடும்.

என்ன கேட்டீர்கள்? சத்தத்தில் கேட்கவில்லை. பிலோமினாம்மா பெயரா? ஃபைலிலா?

இல்லையே சார். அது எதற்கு? அவர் உதவியாளர்தானே. மாணவர் கணக்கு ஒன்றைத் திறந்துதான் அவர் அதெல்லாம் செய்வார். தனியாகப் பெயர் என்று… இல்லை. எழுதவில்லை.

அந்த ஒன்பது வரியைச் சொன்னவர் அவர்தான். ஆமாம்.

நீங்கள் என்ன சார், இப்போதுதான் ஏறினீர்கள், சட்டென்று இப்படி ஒன்றைக் கேட்டுவிட்டீர்கள். ஒன்றரை வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு பதிப்பு எழுதியிருக்கிறேன். ஒன்றில்கூட அவர் பெயரை எழுதத் தோன்றவில்லை. சரி, இன்றைக்கு எழுதிவிடுகிறேன்! முதல் வேலை அதுதான். என் பெயருக்குக் கீழே அவர் பெயர். ஒரே வரி. அடடா, அவருக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்! காலையிலிருந்து ஃபோன் போடுகிறேன், எடுக்கவில்லை. லேப்பில் இருப்பார். அட, பாருங்கள், அவரேதான். நூறு ஆயுசு. ஒரு நிமிஷம் சார்.

“சொல்லுங்கம்மா… பஸ்லதான், கயத்தாறு வரப்போகுது… ஆமா, ஆபீஸ்லேர்ந்து கூப்பிட்டாங்க. எந்த மெஷின் போச்சு?… எதுவும் போகலையா? அறுபதும் நல்லா இருக்கா? அப்புறம் எதுக்கு என்னை… ம்… ம்… யாரு, அந்தக் கம்பெனிக்காரரா?… ம்… சரி. புரியுது… இல்ல இல்ல, கோபம் ஒண்ணுமில்ல. நல்லதுதான… ஆனா ஒண்ணும்மா, வந்து உட்கார்ந்ததும் முதல்ல உங்க பேரை எழுதிடறேன். ஆமா, ஃபைல்லதான்… வேண்டாமா? ஏம்மா?…”

“…”

“ம்… ஆமா… அப்படியா?… சரிம்மா. சரி. எழுதல… சரி.”

கொஞ்சம் தண்ணீர் இருக்குமா சார்? நன்றி.

ஒன்றும் போகவில்லை சார். எல்லாம் நன்றாக ஓடுகிறது. அந்தக் கம்பெனிக்காரர் தன் பெயரை எழுத வேண்டுமாம். என் பெயரை எடுக்க வேண்டுமாம். எடுப்பதற்கு என் கடவுச்சொல் வேண்டும். அதற்குத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். நான் போய், நானே என்னை எடுத்துக் கொடுக்க வேண்டும். முடியாவிட்டால் அறுபதையும் அழித்துவிட்டுப் பழைய மாதிரி கையால் புதிதாகப் போட்டுவிடலாம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாராம்.

பிலோமினாம்மா பெயரை எழுதுகிறேன் என்று சொன்னேன் அல்லவா? அவர் என்ன சொன்னார் என்று கேளுங்கள். “வேண்டாம் சார். என் பேரை எழுதினா நாளைக்கு என்னையும் இப்படிக் கூப்பிட்டு எடுக்கச் சொல்லுவாங்க” என்றார். “நீங்க எல்லாத்தையும் எழுதிக் குடுத்தீங்க சார். நான் காலையில எட்டரைக்கு நடக்கறதை எழுதல. அந்தக் கம்பெனிக்காரர் வந்ததுமே ‘இந்தம்மா எதுக்கு’ன்னுதான் கேட்டாராம். சிவில் சாருதான், ‘அவங்க ஒரு நாள் வரலன்னா எழுத்து தெரிய மாட்டேங்குது, அவங்க இருக்கட்டும்’னு சொல்லியிருக்காரு. அதனால இருக்கேன்.”

சார்!

நான் அவருக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன் சார்! ‘ஒரு வரிதாம்மா, சொல்லுங்க எழுதிடறேன்’ என்று! தினமும்! பாவம், பிடிபடவில்லை என்று வீட்டில் வந்து சண்முகவடிவிடம் வேறு சொல்வேன்! சிரியுங்கள் சார், எனக்கே தாங்கவில்லை. கண்டக்டர் திரும்பிப் பார்க்கிறார், பார்க்கட்டும். அந்த அம்மாவுக்குத்தான் முழுக்கப் பிடிபட்டிருக்கிறது. எதை எழுத வேண்டும், எதை எழுதக் கூடாது என்று தெரிந்து பிரித்து வைத்திருக்கிறார். அந்தப் பிள்ளையின் ஒன்பது வரியை மட்டும் எழுதச் சொன்னார், பாருங்கள்! தான் இல்லாவிட்டாலும் இருக்க வேண்டியது அது. மற்றதெல்லாம் தான் இருந்தால்தான் இருக்கும். நாலு மாதமாக ஒரு புகார் இல்லையே, அது என் ஃபைலா, அவர் காலா? நான் மொட்டை மாடியில் நின்று எதற்காகச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்?

என்ன சொல்கிறீர்கள்? கடவுச்சொல் மறந்துவிட்டது என்று சொல்வதா?

சொல்லலாம். எனக்கும் தோன்றாமல் இல்லை. ஃபோனைக் காதில் வைத்திருக்கும்போதே தோன்றியது. மறந்துவிட்டது, நான்தான் வந்து உட்கார்ந்து யோசிக்க வேண்டும், மாதச் சம்பளத்துக்கு யோசிக்கிறேன் என்று. அப்படிச் சொன்னால் அந்த ஆள் அழித்துவிடுவார். பென் டிரைவை எடுத்துக்கொண்டு ஒன்றிலிருந்து குனிந்து குனிந்து வருவார். பதினேழில் அந்த ஒன்பது வரியும் போகும். மதிவதனிக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை பிராக்டிகல். அதையும் பிலோமினாம்மாதான் சொன்னார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ‘செவ்வாய்க்கிழமை சார்’ என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவர் சொல்ல மாட்டார்.

இது கயத்தாறுதானே? டோல்கேட் வந்ததும் எழுந்துவிட வேண்டும். பிறகு சத்தம் போட்டு நிறுத்தினால் டிரைவர் திட்டுவார்.

எடுத்துவிடுவேன் சார். பெரிய வேலை ஒன்றும் இல்லை. ஒரு வரி. அதை அழித்துவிட்டு அந்த ஆள் பெயரை எழுதி, பட்டனைத் தட்ட வேண்டியதுதான். பதிப்பு இருநூற்றுப் பதின்மூன்று. இருநூற்றுப் பன்னிரண்டில் நான் இருப்பேன், யாராவது பழைய பட்டியலைச் சுத்தம் செய்கிறவரைக்கும். யாரும் பார்க்கப் போவதில்லை.

ஆனால் ஒன்று. முடித்துவிட்டு ஒரு சோதனை செய்யாமல் எழுந்து வர மாட்டேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம். எல்லா மெஷினையும் அணைத்துப் போடச் சொல்வேன். ஒன்றிலிருந்து அறுபதுவரை போய், ஒவ்வொன்றிலும் என் பெயரையும் கடவுச்சொல்லையும் அடித்துப் பார்ப்பேன். ‘அப்படி யாரும் இல்லை’ என்று சொல்ல வேண்டும். ஒன்றாவது என்னை உள்ளே விட்டால் ஃபைல் தப்பு.

விடாது சார். என் ஃபைல் எனக்குத் தெரியாதா?

இதோ டோல்கேட். பையை எடுத்துக்கொள்கிறேன். வருகிறேன் சார்… கண்டக்டர், காலேஜ் ஸ்டாப்!… நீங்கள் வேண்டுமானால் பாருங்கள், ஒன்றுகூடத் தடுமாறாது. அறுபதும் சொல்லும். அறுபதும் ஒரே மாதிரி சொல்லும்.